பழுது என்று மட்டும் சொல்லாதீர்கள்

போன மாதம் ஒரு பின்னேரம் தையல் மெஷினில் இருந்தேன். ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பேத்தி ஆங்கிலக் கொப்பியோடு வந்து பக்கத்தில் குந்தினாள்.

"அம்மம்மா, 'ஷாபி' எண்டா என்ன தெரியுமா?"

எனக்கு ஆங்கிலம் தெரியாது. அவளே அகராதியைப் பார்த்துச் சொன்னாள். பழசாகி, கவனிப்பில்லாமல், பார்வைக்கு அழகு கெட்டுப்போன சாமானாம்.

"அப்ப இந்த மெஷின்தான் புள்ள அது" என்றேன்.

"ஓம். ஆனா இது இன்னும் தைக்குதுதானே. பாவிச்சுப் பாவிச்சு இனி ஒண்டுக்கும் உதவாதெண்டா அதுக்கு வேற சொல்லு இருக்கு. 'வோர்ன் அவுட்'."

நான் மெஷினை நிறுத்திவிட்டேன். பார்வைக்குப் பழசு என்பது ஒன்று, இனிப் பாவிக்க முடியாது என்பது இன்னொன்று. எங்கள் கல்லடிப் பழைய பாலத்தைப் பாருங்கள். 1924இல் கட்டிய இரும்புப் பாலம். 2013இல் பக்கத்தில் புதுப் பாலம் திறக்கும் வரைக்கும் பஸ்ஸும் லொறியும் அதன் மேல்தான் போய் வந்தன. பார்வைக்கு அது எப்போதோ பழசாகிவிட்டது. ஆனாலும் எங்களைச் சுமந்தது. இந்த வித்தியாசத்தை எடுத்துச் சொல்ல 2005இல் எனக்குத் தெரிந்திருந்தால் என் வீட்டுக் கதை வேறாக இருந்திருக்கும்.

1990இல் கணவரை இழந்த பிறகு, உடுப்புத் தைத்து மிச்சம் பிடித்த காசில் வாவிப் பக்கமாக இரண்டு அறை வீடு ஒன்றைக் கட்டினேன். 2004 டிசம்பர் 26 அன்று கடல் வந்தது. நானும் மகளும் உயிர் தப்பினோம். திரும்பி வந்து பார்த்தபோது ஒரு சுவர் விழுந்து கிடந்தது. மற்றச் சுவர்களில் வெடிப்பு. கூரை மட்டும் அப்படியே நின்றது.

சில கிழமைகளில் சேதம் பதிய ஒருவர் வந்தார். "என்னம்மா நிலைமை?" என்று கேட்டார். "வீடெல்லாம் பழுதாப் போச்சு ஐயா" என்றேன். வேறு சொல்ல வரவில்லை. அவர் கூரையை நிமிர்ந்து பார்த்தார். படிவத்தில் ஆங்கிலத்தில் ஏதோ எழுதினார். கையொப்பம் வைக்கச் சொன்னார், வைத்தேன்.

அவர் எழுதியது 'பாட்லி டமேஜ்ட்'. ஒரு பகுதி சேதம் என்று அர்த்தம். அந்த வீட்டுத் திட்டத்தில் நாற்பது வீதத்துக்கு மேல் சேதமான வீடு 'புல்லி டமேஜ்ட்', அதாவது முழுச் சேதம். அதற்கு 250,000 ரூபாய். அதற்குக் குறைந்த சேதத்துக்கு 100,000 ரூபாய். இதெல்லாம் பிறகுதான் தெரிய வந்தது. மேசன் வந்து சுவரைத் தட்டிப் பார்த்து, "அக்கா, இது ஒண்டும் நிக்காது, அத்திவாரத்திலிருந்து கட்டவேணும்" என்றார். ஒரு இலட்சத்தில் ஒரு அறையைத்தான் எழுப்ப முடிந்தது. மற்ற அறைக்கு ஏழு வருடம் தைத்தேன்.

பக்கத்து வீட்டு மச்சாளின் வீடும் இதே நிலைமைதான். ஆனால் அவள் வெடிப்பு ஒவ்வொன்றாகக் கையை வைத்துக் காட்டினாள். "கூரை நிக்குது, சுவர் நிக்காது" என்று சொன்னாள். அவளுக்கு முழுச் சேதம் என்று பதிந்தார்கள்.

எங்களுக்குச் சொல் இல்லாமலில்லை. இரும்பென்றால் கறள் கட்டும். மரமென்றால் உக்கும். சீலை இத்துப்போகும், நைந்துபோகும், பீத்தலாகும். கிடுகைக் கறையான் அரிக்கும். ஒரு சாமான் எப்படிக் கெட்டது என்று சொல்ல எங்களிடம் தனித்தனிச் சொல் இருக்கிறது. படிவம் கேட்பது இன்னொன்றை. எவ்வளவு கெட்டது, இனிப் பாவிக்கலாமா என்று கேட்கிறது. நாங்கள் 'பழுது' என்ற ஒரு சொல்லோடு நின்றுவிடுகிறோம். அறுந்த பொத்தானும் பழுதுதான், இடிந்த வீடும் பழுதுதான்.

அன்றிலிருந்து பேத்தியும் நானும் இரவில் சொல் பிடிக்கிறோம். 'த்ரெட்பெயார்' என்றால் தேய்ந்து தேய்ந்து நூல் வெளியே தெரியும் துணி. தைக்கிறவளுக்கு இதை விளங்கப்படுத்தத் தேவையில்லை. 'டாட்டர்ட்' கந்தல் கந்தலாய்க் கிழிந்தது. 'வெயார்' என்ற சொல்லுக்கு உடுத்துவது என்றும் தேய்வது என்றும் இரண்டு அர்த்தமாம். உடுத்தினால் தேயத்தானே செய்யும்!

'ராம்ஷாக்கிள்' என்று ஒரு சொல். ஆட்டம் கண்டு, எப்போது விழுமோ என்று நிற்கும் வீடு. இது வீடு புகுந்து கிளறிக் கொள்ளையடிப்பதைக் குறிக்கும் பழைய சொல்லிலிருந்து வந்ததாம். இதைக் கேட்டதும் எனக்கு 1990ஆம் ஆண்டு ஞாபகம் வந்தது. இடம்பெயர்ந்து போய்த் திரும்பி வந்து, திறந்து கிடந்த கதவுகளைப் பார்த்த உங்களுக்கும் இந்தச் சொல் விளங்கும்.

தோழிகளே, இந்த வயதில் இங்கிலீஷ் படியுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. வெள்ளமும் புயலும் வந்துகொண்டுதான் இருக்கும். போரில் இழந்தவற்றுக்கான படிவங்களும் முடியவில்லை. அடுத்த முறை ஒருவர் பேனையோடு உங்கள் வாசலுக்கு வந்தால் நான் விட்ட பிழையை விடாதீர்கள்.

சாமானை ஒவ்வொன்றாகச் சொல்லுங்கள். எத்தனை சுவர், எத்தனை வெடிப்பு, எத்தனை ஓடு என்று எண்ணிச் சொல்லுங்கள். திருத்தலாமா, திருத்த முடியாதா என்பதைக் கட்டாயம் சொல்லுங்கள். முடிந்தால் போனில் படம் எடுத்து வையுங்கள். எழுதியதைத் தமிழில் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். விளங்கிய பிறகு கையொப்பம் வையுங்கள்.

இது கெஞ்சிக் கேட்கும் விசயமல்ல. 1987இல் தமிழும் அரச கரும மொழியானது. 1988ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி வடக்கு, கிழக்கில் நிர்வாக மொழி தமிழ். 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், உங்களைப் பற்றி அரச அலுவலகக் கோப்பில் என்ன எழுதியிருக்கிறது என்று பிரதி கேட்கலாம்.

2011 ஜனவரியில் வெள்ளம் வந்தபோது நான் இப்படித்தான் கேட்டேன். "ஐயா, எழுதினதைத் தமிழில வாசிங்க" என்றேன். அவர் ஒரு கணம் பார்த்தார். பிறகு வாசித்தார். மெஷினை விட்டுவிட்டிருந்தார், சேர்த்துக்கொண்டார். கேட்க எனக்குக் கை நடுங்கியது உண்மை. கேட்ட பிறகு நடுங்கவில்லை.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். கணவர் போன பிறகு ஊரில் சிலர் என்னைப் பார்த்து, "பாவம், இவளின்ட வாழ்க்கை பழுதாப் போச்சு" என்றார்கள். உங்களில் பலருக்கும் இப்படிச் சொல்லியிருப்பார்கள். அப்போது அதையும் நான் கேட்காமல் கையொப்பம் வைத்ததுபோல ஏற்றுக்கொண்டேன். இந்தச் சொற்களெல்லாம் சாமானுக்கு உரியவை. எனக்கு உரியவையல்ல.

மெஷினுக்கு எண்ணெய் விட்டிருக்கிறேன். பாடசாலைச் சட்டை ஆறு நாளைக்குள் கொடுக்கவேண்டும்.