உறக்கமும் ஒழுக்கமும்

இலக்குவன் பதினான்கு ஆண்டுகள் உறங்காது தமையனைக் காத்தான் என்பதும், கும்பகருணன் பல திங்கள் தொடர்ந்து உறங்கினான் என்பதும் தமிழ் மக்கள் இராமகாதை வழியாக அறிந்த செய்திகளாம். விழித்திருத்தலை வீரமாகவும் உறங்குதலை இழுக்காகவும் கருதும் எண்ணத்திற்கு இவை போன்ற கதைகளும் துணை செய்தன எனலாம். பரீட்சைக் காலத்தில் நள்ளிரவு கடந்தும் விளக்கெரியும் வீட்டைச் சுட்டி, அவ்வீட்டுப் பிள்ளையை ஏனையோர்க்கு உதாரணமாகக் காட்டும் வழக்கமும் இவ்வெண்ணத்தின்பாற் பட்டதே. ஆயின், உறக்கத்தை விலையாகக் கொடுப்பவன் உண்மையில் எதனை இழக்கின்றான்? உடல் வலிமையை மட்டுமா? அன்றி அறிவையும் ஒழுக்கத்தையுமா? இவ்வினாவிற்கு விஞ்ஞானம் கண்ட விடை ஆராயத்தக்கது.

உருசிய நாட்டு மருத்துவ அறிஞராகிய மரியா மனாசெயினா என்னும் பெண்மணியார், உறங்கவிடாது வைத்த நாய்க்குட்டிகள் சில நாளில் இறந்தமையை 1894 ஆம் ஆண்டில் எடுத்துக் காட்டினார். உயிர் வாழ்வதற்கு உறக்கம் இன்றியமையாதது என்பது இதனாற் புலனாயிற்று. 1953 ஆம் ஆண்டில் சிக்காகோ சர்வகலாசாலையைச் சேர்ந்த அசெரின்ஸ்கி, கிளைட்மன் என்னும் இருவரும், உறக்கத்தின் ஒரு பகுதியில் மூடிய இமைக்குள் விழிகள் விரைந்து அசைவதையும், அப்பொழுது எழுப்பப்பட்டோர் பெரும்பாலும் கனவு கண்டதாகக் கூறுவதையும் வெளியிட்டனர். உறங்குங்கால் மூளை வாளாவிருப்பதில்லை. தனக்குரிய பணியை ஆற்றுகின்றது என்பது இவ்வாறு தெளிவாயிற்று.

அப்பணி தடைப்படின் என்ன நிகழும்? அமெரிக்காவின் சான் டியாகோ நகரில், ரான்டி கார்டினர் என்னும் பதினேழு வயது மாணவன், பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சியின் பொருட்டு, 1963 டிசெம்பர் இறுதி முதல் 1964 சனவரி வரை 264 மணித்தியாலங்கள் விழித்திருந்தான். நான்காம் நாளில் வீதிப் பலகையொன்று மனிதனாகத் தோன்றியது. எரிச்சலும் ஐயமும் மிகுந்தன. பதினோராம் நாளில், நூறிலிருந்து ஏழேழாகக் கழித்துச் செல்லுமாறு பணித்தபோது, அறுபத்தைந்து வரை சென்று நின்றான். காரணம் வினவியபோது, தான் செய்துகொண்டிருந்தது யாதென்பதையே மறந்துவிட்டதாகக் கூறினான். அவன் கணிதம் அறியாதவன் அல்லன். அறிந்ததனைப் பற்றி நிற்கும் ஆற்றலே அவனை விட்டு நீங்கியது.

இத்தகைய பெருவிழிப்பு யாவர்க்கும் நேர்வதன்று. ஆயின் நாள்தோறும் சிறிது சிறிதாக உறக்கம் இழப்போர் பலர். 2003 ஆம் ஆண்டில் வெளியான பென்சில்வேனியாச் சர்வகலாசாலை ஆய்வொன்று இவர்தம் நிலையை விளக்குகின்றது. பதினான்கு நாட்கள் இரவுதோறும் ஆறு மணித்தியாலங்களே உறங்கியோரின் கவனம், ஓர் இரவு முழுதும் கண்விழித்தார் கவனத்தின் அளவிற்குத் தாழ்ந்தது. அதனினும் வியப்பிற்குரியது யாதெனில், அவர்கள் தம் குறையை உணராமையே. நாட்கள் செல்லச் செல்லத் தவறுகள் பெருகவும், தமது அயர்வு சிறிதே கூடியதென அவர்கள் மதிப்பிட்டனர். நோயாளி தன் நோயை உணரின் மருந்து தேடுவான். உறக்கம் இழந்தவனோ குறையை அளக்கும் கருவியாகிய மூளையே குறையுற்றமையால், தான் நலமுடன் இருப்பதாகவே நம்புகின்றான்.

இனி, மூளையில் நிகழும் மாற்றங்களை நோக்குவோம். விழித்திருக்கும் வேளையில் அடினோசின் என்னும் இரசாயனப் பொருள் மூளையிற் சேர்ந்து சோர்வை உண்டாக்கும். தேநீரும் கோப்பியும் அப்பொருளின் செயலைச் சிறிது நேரம் மறைப்பனவேயன்றிக் கடனைத் தீர்ப்பனவல்ல. மூளையின் உட்புறத்தே வாதுமைக் கொட்டை வடிவான ஒரு பகுதி உண்டு. அச்சம், சினம் முதலிய உணர்ச்சிகளோடு தொடர்புடையது அது. நெற்றியின் பின்னமைந்த மூளைப் பகுதி அதனை அடக்கி ஆள்வது. ஏறக்குறைய முப்பத்தைந்து மணித்தியாலங்கள் விழித்திருந்தோரிடத்து, வெறுப்பூட்டும் படங்களைக் கண்ட அளவில் முன்னையது 60 சதவீதம் மிகுதியாகக் கிளர்ந்ததெனவும், அதற்கும் நெற்றிப்புற மூளைக்குமுள்ள தொடர்பு தளர்ந்ததெனவும் 2007 ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு காட்டியது. பாகன் அயர யானை மிரளுவது போன்றதே இது. சிறு சொல்லிற்குப் பெருஞ்சினம் கொள்பவனைத் தீயவன் என்று தீர்ப்பதற்கு முன், அவன் முன்னிரவில் உறங்கினானா என்று வினவுதல் முறையாகும்.

உறக்கத்தைக் கெடுப்பனவற்றுள் சமுதாய நெருக்கடி முதன்மையானது. வறுமை, அவமதிப்பு, வேலை நிலையின்மை, தனிமை ஆகியவை மனத்தை வருத்துங்கால், சிறுநீரகங்களின் மேலமைந்த சுரப்பிகள் கோட்டிசோல் என்னும் ஓமோனை மிகுதியாகச் சுரக்கின்றன. ஆபத்தினின்று தப்புதற்கு உதவும் இச்சுரப்பு, நாள்தோறும் நீடிப்பின் தீங்காகும். ரொபேட் சப்போல்ஸ்கி என்னும் அறிஞர் 1978 முதல் கிழக்காபிரிக்காவில் பபூன் குரங்குகளைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். வரிசை நிலைபெற்ற கூட்டங்களில், தாழ்நிலையிலுள்ள ஆண் குரங்குகளின் குருதியில் இத்தகைய ஓமோன் மிகுந்திருந்தமையை அவர் கண்டார். நினைவாற்றலுக்கு இன்றியமையாததும் கடற்குதிரை வடிவினதுமான மூளைப் பகுதியை இவ்வோமோன்கள் சென்றடைகின்றன என்பதை, எலிகளிற் செய்த ஆய்வுகளால் புரூஸ் மக்எவன் 1968 ஆம் ஆண்டில் நிறுவினார். நெருக்கடி நீடிப்பின் அப்பகுதி நரம்புக் கலங்களின் கிளைகள் சுருங்குவதும் பின்னர் அறியப்பட்டது.

இவ்விரு துன்பங்களும் ஒன்றையொன்று வளர்ப்பன. கவலை உறக்கத்தை விரட்டும். உறக்கமின்மை கவலையைப் பெருக்கும். நாளொன்றுக்கு நான்கு மணித்தியாலங்களாக ஆறு இரவுகள் மட்டும் உறங்கிய இளைஞரிடத்தும், மாலை வேளையிற் குறைய வேண்டிய கோட்டிசோல் உரியவாறு குறையவில்லை என 1999 இல் சிக்காகோவிற் காணப்பட்டது. 2018 ஆம் ஆண்டில் கலிபோர்னியாவில் நிகழ்ந்த ஆய்வு இன்னும் நுட்பமானது. உறங்காதார் தம்மை நெருங்கி வருவோரைச் சேய்மையிலேயே நிறுத்த விரும்பினர். அவர்களைத் திரையிற் கண்ட பிறரோ, அவர் உறங்காதிருந்தமையை அறியாமலே, தனிமையுற்றாரென மதித்து அவரோடு பழகத் தயங்கினர். இவ்வாறு தனிமை உறக்கத்தைக் கெடுக்க, கெட்ட உறக்கம் தனிமையை ஆழமாக்குகின்றது.

ஆதலின், உறக்கம் தனியொருவனின் சோம்பலும் அன்று. அவன் விரும்பித் துறக்கக்கூடிய சுகமும் அன்று. துன்புறுவோனை நோக்கி அமைதியாய் உறங்குக என்று அறிவுரை கூறுதல் மட்டும் போதாது. அவனை உறங்கவிடாத அச்சத்தையும் அவமதிப்பையும் குறைத்தல் சுற்றத்தாரின் கடனாகும். வகுப்பிற் கண்ணயரும் மாணவனை மடியன் என்று இகழும் ஆசிரியர், அவன் இல்லத்து இரவு எத்தகையது என்பதை ஒருமுறை வினவுவாராயின், தண்டனையினும் அவ்வினா அவனுக்குப் பெருநலம் பயக்கும். பரீட்சைக்குரிய மாணவனும் ஓர் உண்மையை உளங்கொள்ளல் வேண்டும். கற்றது உறக்கத்திலேயே நினைவில் உறுதிபெறுகின்றது. இரவைத் திருடிப் படித்தவன் அடுத்த பகலில் அதனையே இழந்து நிற்பான். அறுபத்தைந்தில் நின்ற சான் டியாகோ மாணவன் அதற்குச் சான்றாவான்.