இணையத்திலே மூன்று சித்திரக் கதைகள்

தொடர்கதை என்பது தமிழ் வாசகருக்குப் புதியதொன்றன்று. வார சஞ்சிகை வரும் நாளை எண்ணிக் காத்திருந்து, கதைப் பக்கத்தையே முதலிற் புரட்டி, வாசித்து முடித்தபின் அப்பக்கங்களைக் கத்தரித்துத் தைத்து நூலாக்கி வைத்த தலைமுறையொன்று நம்மிடையே இருந்தது. காத்திருத்தல், வாசித்தல், பேணுதல் ஆகிய மூன்றும் சேர்ந்ததே தொடர்கதை வாசிப்பு. இன்று இணையத்தில் வெளிவரும் சித்திரக் கதைகளை வாசிப்பதற்கும் இம்மூன்று பழக்கங்களே வேண்டும் என்பது என் கருத்து. இவற்றுள் ஒன்று குறைந்தாலும் நல்ல படைப்புகள் நம் கைக்கு எட்டாமற் போய்விடும்.

சித்திரக் கதை சிறுவர்க்கே உரியது என்று தள்ளிவிடுவாரும் உளர். அவர்களுக்கு வாதத்தால் விடை கூறுவதினும் சில படைப்புகளைக் காட்டுவதே மேல். இணையச் சித்திரக் கதைக்குப் பத்திராதிபரும் இல்லை, அச்சகமும் இல்லை, வரைபவரே வெளியிடுகிறார். அதனால் அங்கே பதரும் மலிந்திருக்கிறது. ஆயினும், எந்தப் பத்திராதிபரும் எளிதில் ஏற்கத் துணியாத படைப்புகளும் அங்கேதான் பிறந்தன. அவற்றுள் மூன்றை மட்டும் ஈண்டுக் குறிப்பிடுகிறேன்.

முதலாவது, அமெரிக்கரான றண்டல் மன்றோ 2005ஆம் ஆண்டு தொடங்கிய ‘எக்ஸ்கேசீடீ’. பௌதிகம் பயின்று, நாசா விண்வெளி நிறுவனத்திலும் பணியாற்றியவர் அவர். அவருடைய மாந்தர் வெறும் கோட்டுருவங்களே, முகங்கூட இல்லை. ஆனால் கணிதமும் விஞ்ஞானமும் மொழியும் காதலும் அக்கோடுகளுக்குள் அடங்கிவிடுகின்றன. படத்தின்மேற் சுட்டியை நிறுத்தினால் மறைந்திருக்கும் இன்னொரு வரி தோன்றும். அதையும் வாசித்தாலே நகைச்சுவை நிறைவுறும். 2013 மார்ச்சில் ‘காலம்’ என்ற தலைப்பில் அவர் ஒரு படத்தை வெளியிட்டார். இருவர் அமர்ந்திருக்கிறார்கள், அவ்வளவே. அரைமணி நேரத்தின்பின் அப்படம் சற்றே மாறியது. சில நாட்கள் சென்றபின் மணிக்கொரு முறை மாறியது. அவ்விருவரும் மணற்கோட்டை கட்டினர். கடல்மட்டம் உயர்வதைக் கண்டனர். அதன் காரணத்தைத் தேடி நடந்தனர். ஏறக்குறைய நான்கு மாதங்களில் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படங்களாக விரிந்த அக்கதை, 2014இல் ஹியூகோ விருதைப் பெற்றது. காத்திருத்தலையே கதையின் பொருளாக்கிய படைப்பு இது.

இரண்டாவது, ஊர்சுலா வேர்னன் வரைந்த ‘டிக்கர்’. ரீ. கிங்பிஷர் என்ற புனைபெயரில் நாவல்கள் எழுதுபவரும் இவரே. அவுஸ்திரேலியாவில் வளை தோண்டி வாழும் வொம்பற் என்ற விலங்குதான் கதாநாயகி. நிலத்தடியில் தோண்டிக்கொண்டே வழிதவறிய அவள், ஒரு கோயிலின் தரையைப் பிளந்து வெளிவருகிறாள். எதிரே அமர்ந்திருப்பவர் நம் பிள்ளையார்! கல்லாலான அத்திருவுருவம் அவளோடு பேசுகிறது. தெய்வங்களை அதிகம் நம்பாத, சுரங்க வேலையின் நுட்பமன்றி வேறெதையும் பெரிதாக எண்ணாத அவளுக்கும், பொறுமையே உருவான அவ்விநாயகருக்கும் இடையே வளரும் நட்பு மனதைத் தொடுவது. வீடு திரும்ப வழி தேடுதல் என்ற எளிய நூலிலே, பழி, மன்னிப்பு, கடமை என்ற மணிகளைக் கோத்திருக்கிறார் ஆசிரியர். 2011இல் நிறைவெய்திய இக்கதை 2012இல் ஹியூகோ விருது பெற்றது.

மூன்றாவது, கனடாவைச் சேர்ந்த கேற் பீற்றன் 2007இல் தொடங்கிய ‘ஹார்க்! எ வேகிரன்ற்’. வரலாற்று மாந்தரும் இலக்கிய மாந்தரும் இதிலே சாதாரண மனிதராக வந்து சண்டையிடுகிறார்கள். ஆங்கில இலக்கியம் கற்பிக்கும் ஆசிரியர்க்கு இதை விசேடமாகச் சிபார்சு செய்வேன். முரட்டு ஆடவரைக் கண்டு சார்லற் பிறொன்ரேயும் எமிலியும் மயங்க, தங்கை ஆன் மட்டும் முகஞ் சுளிக்கும் படத்தொடரொன்று உண்டு. மூன்று சகோதரியரின் நாவல்களுக்கும் இடையிலுள்ள வேற்றுமையைச் சில கட்டங்களில் உணர்த்தும் விமர்சனம் அது. பல்கலைக்கழகக் கடனை அடைப்பதற்காக அல்பேர்ட்டாவின் எண்ணெய் மணற் சுரங்கங்களிலே வேலை செய்தவர் பீற்றன். அந்த அனுபவத்தை அவர் பின்னர் ‘டக்ஸ்’ என்ற சித்திர நூலாக 2022இல் வெளியிட்டார். சிரிக்க வைத்த அதே கை அங்கே நெஞ்சைக் கனக்க வைக்கிறது.

இனி, இவற்றைத் தொடர்ந்து வாசிப்பது எங்ஙனம்? முடிந்த கதை வேறு. நடக்கும் கதை வேறு. ‘டிக்கர்’ போன்ற முடிந்த கதையை முதற் பக்கத்திலிருந்து தொடங்கி, நாளுக்கோர் அத்தியாயமாக வாசித்தலே முறை. ஒரே இரவில் விழுங்கினால் சுவை தங்காது. ‘எக்ஸ்கேசீடீ’ போன்றவை திங்கள், புதன், வெள்ளி என முறை வைத்து வருவன. இத்தகையவற்றுக்குச் செய்தியோடை என்ற ஏற்பாடு இருக்கிறது. பீட்லி, இனோரீடர் போன்ற செயலியொன்றிலே நாம் விரும்பும் தளங்களின் முகவரிகளைப் பதிந்து வைத்தாற் போதும்; புதிய படம் வந்ததும் அது நம்மிடம் வந்து சேரும். கூகிள் நிறுவனம் தன் ‘ரீடர்’ சேவையை 2013இல் மூடியபோது இம்முறையே ஒழிந்ததெனப் பலர் எண்ணினர், ஒழியவில்லை. சமூக ஊடகங்களை நம்பியிருப்பதோ வேறு வகை. அங்கே எதை நாம் காணவேண்டும் என்பதை நிறுவனத்தின் கணக்கு முடிவு செய்கிறது. செய்தியோடையிலே முடிவு செய்பவர் வாசகர். தேர்வுரிமையை விட்டுக்கொடுத்த வாசகன் பார்வையாளனாகச் சுருங்கிவிடுகிறான்.

பேணுதலே யாவற்றினும் கடினம். இணையப் பக்கத்தைக் கத்தரித்துத் தைக்க முடியாது. தளத்துக்குரிய கட்டணத்தை வரைபவர் செலுத்தாது விட்டால், பல்லாண்டு உழைப்பு ஒரே நாளில் மறைந்துவிடக்கூடும். நான் கூறிய மூன்றும் நூல்களாகவும் வந்துள்ளன. இயன்றவர் வாங்குவதும், பாடசாலை நூலகங்களுக்குப் பரிந்துரைப்பதும் படைப்பாளருக்குச் செய்யும் கைம்மாறாகும். மன்றோ தம் படங்களை, வணிக நோக்கமின்றி, தம் பெயரைக் குறிப்பிட்டுப் பயன்படுத்த அனுமதித்திருக்கிறார். ஆகவே வகுப்பறைச் சுவரிலும் அவற்றுக்கு இடமளிக்கலாம்.

கடதாசி விலையும் அச்சுக் கூலியும் தடுக்காத இவ்வாயில், தமிழில் வரையும் இளைஞர்க்கும் திறந்தேயிருக்கிறது. வாரந்தோறும் அவர்களுக்காகக் காத்திருக்கும் வாசகர் உண்டா என்பதே வினா. அதற்குரிய விடை நம் வாசிப்புப் பழக்கத்தில் இருக்கிறது.