சீவனாம்சம்: ஈகையா, உரிமையா?

‘சீவனாம்சம்’ வடமொழிவழி வந்த சொல். சீவனம் என்பது பிழைப்பு; அம்சம் என்பது பங்கு. பிழைப்புக்குரிய பங்கு என்பதே அதன் பொருள். ஆயினும், மணவிலக்கின்போது கணவன் இரக்கத்தால் ஈவது அது என்று கருதுவோர் உளர். தவறிழைத்தவனுக்கு விதிக்கும் தண்டம் என்று எண்ணுவோரும் உளர். இவ்விரு கருத்தும் பொருந்துமா என்பதைச் சிங்கப்பூர்ச் சட்டத்தைக் கொண்டு காண்போம்.

1961ஆம் ஆண்டில் இயற்றப்பெற்ற மாதர் சாசனமே அங்கு முஸ்லிம் அல்லாதாரின் மணவிலக்குக்கு உரிய சட்டம். முஸ்லிம்களுக்குத் தனிச் சட்டம் உண்டு. தொகையை உறுதி செய்யுமுன் நீதிமன்றம் நோக்க வேண்டியவற்றைச் சாசனத்தின் 114ஆம் பிரிவு எண்ணிக் கூறுகிறது. அவையாவன: இருவரின் வருவாய், பொருளீட்டும் ஆற்றல், சொத்து, தேவைகளும் பொறுப்புகளும், மணம் முறியுமுன் வாழ்ந்த வாழ்க்கைத் தரம், வயது, மணவாழ்வு நீடித்த காலம், உடல், உளக் குறைபாடு, குடும்ப நலத்திற்கு ஒவ்வொருவரும் ஆற்றிய பணி, மணவிலக்கால் இழக்கப்படும் ஓய்வூதியம் போன்ற பயன்கள். சம்பளத்தில் இத்தனை விழுக்காடு என்னும் வாய்பாடு அங்கில்லை.

இவற்றுள் இல்லப்பணி தனித்துக் கருதத்தக்கது. வீட்டைப் பேணுவதும் குடும்பத்தாரைக் கவனிப்பதும் பங்களிப்பே என்று சட்டமே சுட்டிச் சொல்கிறது. வேலையை விட்டுப் பதினைந்தாண்டுகள் பிள்ளைகளை வளர்த்த ஒருத்தியை எண்ணிப் பார்ப்போம். அவள் கையில் சம்பளச் சீட்டு இல்லை. எனினும் அவளுழைப்பு கணக்கில் சேரும். அதே வேளையில், இனி அவள் எவ்வளவு ஈட்டக்கூடும் என்பதையும் நீதிமன்றம் ஆராயும்.

இவ்வுரிமைக்கு வரம்பும் உண்டு. மணவாழ்வில் சேர்ந்த சொத்தில் கிடைக்கும் பங்கே போதுமாயின் சீவனாம்சம் குறையும், இல்லாமலும் போகும். மனைவி என்பதற்காக மட்டும் பெயரளவுத் தொகை தானாகவே வழங்கப்படாது என்று 2016ஆம் ஆண்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் தெளிவுறுத்தியது. பெறுபவர் மறுமணம் செய்துகொண்டால் மாதத்தொகை நின்றுவிடும். நிலைமை மாறினால், தொகையை மாற்றுமாறு இருவரும் கேட்கலாம். 2016ஆம் ஆண்டுத் திருத்தத்தின் பின், நோயாலோ ஊனத்தாலோ பிழைக்க வழியற்ற கணவனும் மனைவியிடம் கோரலாம்.

ஈகையாயின் ஈவோன் மனமே அளவாகும். தண்டமாயின் குற்றமே அளவாகும். சட்டமோ இருவரின் நடத்தையையும் நோக்குகிறது; ஆயினும் அதனையே அளவுகோலாகக் கொள்ளவில்லை. ஒருவரின் தேவை, மற்றவரின் ஆற்றல், இருவரும் சேர்ந்து கட்டிய வாழ்வு ஆகிய மூன்றையுமே முதன்மையாக வைத்து எடைபோடுகிறது. சொல்லின் பழம்பொருளும் சட்டத்தின் நோக்கமும் இங்கு ஒன்றுபடுகின்றன. ஆதலின், சீவனாம்சம் கேட்பவர் கையேந்துவோர் அல்லர். தம் பங்கைக் கேட்பவரே ஆவர்.