கடும் விளையாட்டுப் பயிற்சியில் தோல், முடி மாற்றங்கள்

கடும் விளையாட்டுப் பயிற்சியில் தோல், முடி மாற்றங்கள் என்பவை நாள்தோறும் நீண்ட நேரம் ஓட்டம், கபடி, நீச்சல், பளுதூக்குதல் போன்றவற்றில் ஈடுபடுவோரின் உடலில் வெயில், வியர்வை, உராய்வு, சத்துக்குறைவு ஆகியவற்றால் தோன்றும் மாற்றங்கள் ஆகும். தோல் கருத்தல், வேர்க்குரு, பரு, கொப்புளம், படர்தாமரை, முடி உதிர்தல் ஆகியவை இவற்றுள் முதன்மையானவை. இவற்றுள் பல தாமாகவே மறைபவை. சில மருத்துவம் வேண்டுபவை. மிகச் சில, உடலுக்குள் உள்ள பெரிய குறையின் முன்னறிவிப்பாக வருபவை. இம்மூன்றையும் பிரித்தறிவதே பராமரிப்பின் முதற்படி ஆகும்.

பின்னணி

திருச்சிராப்பள்ளி மாவட்டம் தடகளத்தில் பெயர் பெற்றது. 2021-இல் நடைபெற்ற டோக்கியோ ஒலிம்பிக்கில் இந்தியாவின் 4×400 மீட்டர் கலப்புத் தொடர் ஓட்ட அணியில் ஓடிய நால்வருள் ஆரோக்கிய ராஜீவ், சுபா வெங்கடேசன் ஆகிய இருவரும் இம்மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். காஜாமலைப் பகுதியிலுள்ள அண்ணா விளையாட்டரங்கம் நகரின் முதன்மையான பயிற்சிக்களம் ஆகும். திருவரங்கம் போன்ற பகுதிகளிலிருந்து பயிற்சிக்கு வரும் மாணவர்கள் பலர் சத்திரம் பேருந்து நிலையம் வழியாகவே சென்று திரும்புகின்றனர்.

திருச்சிராப்பள்ளி ஏறத்தாழ 10.8 பாகை வட அகலாங்கில் உள்ளது. எனவே ஏப்ரல் மூன்றாம் வாரத்திலும் ஆகஸ்ட் நான்காம் வாரத்திலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. கோடையில் வெப்பநிலை 40 பாகை செல்சியசை எட்டும் நாட்களும் உண்டு. குளிர்நாட்டு வீரர்களுக்காக எழுதப்பட்ட அறிவுரைகளை இங்கு அப்படியே பின்பற்ற இயலாமைக்கு இதுவே காரணம்.

பெண்பிள்ளை கருத்துவிட்டாள், முடி கொட்டுகிறது என்று கூறிப் பயிற்சியை நிறுத்தும் பெற்றோர் உண்டு. இதனால் நல்ல ஓட்டக்காரர்கள் பள்ளி அளவிலேயே நின்றுவிடுகின்றனர். இம்மாற்றங்களின் உண்மையான காரணம் தெரிந்தால் இத்தகைய முடிவுகளுள் பல தேவையற்றவை எனப் புலப்படும்.

தோலில் ஏற்படும் மாற்றங்கள்

தோல் கருத்தல்: சூரிய ஒளியிலுள்ள புற ஊதாக் கதிர்கள் உட்புகாமல் தடுப்பதற்காகத் தோல் மெலனின் என்னும் நிறமியைக் கூடுதலாகச் சுரக்கிறது. கருத்தல் ஒரு நோயன்று. தோலின் தற்காப்பு ஆகும். வெயிலில் நிற்பது குறைந்தால் சில வாரங்கள் முதல் சில மாதங்களுக்குள் பழைய நிறம் பெரும்பாலும் திரும்பும். காலை 10 மணி முதல் மாலை 4 மணி வரை திறந்தவெளிப் பயிற்சியைத் தவிர்ப்பது, முழுக்கைச் சட்டையும் தொப்பியும் அணிவது ஆகியவை எளிய காப்பு. எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேற்பட்ட வெயில் காப்புக் களிம்பைப் பயிற்சிக்கு 15 முதல் 30 நிமிடங்களுக்கு முன் பூசி, 2 மணி நேரத்திற்கு ஒருமுறை மீண்டும் பூச வேண்டும். வியர்வையில் அது கரைந்துவிடும் என்பதால் ஒருமுறை பூசுவது போதாது.

வேர்க்குரு: மனித உடலில் 20 முதல் 40 இலட்சம் வியர்வைச் சுரப்பிகள் உள்ளன. வெயிலில் கடுமையாகப் பயிற்சி செய்பவருக்கு ஒரு மணி நேரத்தில் 1 லிட்டருக்கு மேலும் வியர்க்கக்கூடும். ஈரத்தில் ஊறிய தோலில் வியர்வைக் குழாய்களின் வாய் அடைபடும்போது வேர்க்குரு தோன்றுகிறது. தோலைக் குளிர்ச்சியாகவும் உலர்வாகவும் வைப்பதே இதற்குத் தீர்வு. ஈரத்தோலின் மேல் பவுடரை அப்புவது அடைப்பைக் கூட்டும்.

பரு: தலைக்கவசத்தின் பட்டை, தோள்பையின் வார், இறுக்கமான உடை ஆகியவை வியர்வையோடு சேர்ந்து உராயும் இடங்களில் பரு வருவதுண்டு. தலையில் எண்ணெய் தடவிக்கொண்டு ஓடுவோருக்கு எண்ணெய் வழிந்து நெற்றியில் பரு வரும். எண்ணெய் தேய்ப்பதை ஓய்வு நாளில் வைத்துக்கொண்டு, தேய்த்த அன்றே அலசிவிடுவது நல்லது.

கொப்புளமும் தேய்வுப்புண்ணும்: குதிகால், உள்தொடை, அக்குள் ஆகிய இடங்களில் உராய்வால் இவை உண்டாகின்றன. பயிற்சிக்கு முன் அவ்விடங்களில் வாசலின் பூசுவது பயன்தரும். சிறிய கொப்புளத்தின் மேல்தோலை உரிக்கக் கூடாது. அத்தோலே புண்ணுக்கு இயற்கையான கட்டு. சிறிய அளவுக் காலணி அணிந்து ஓடினால் கால்விரல் நகத்தின் அடியில் இரத்தம் கட்டி நகம் கருக்கும்.

படர்தாமரையும் சேற்றுப்புண்ணும்: இவை பூஞ்சைத் தொற்றுகள். ஈரம் நிற்கும் தொடையிடுக்கு, இடுப்பு, கால்விரல் இடுக்கு ஆகியவை பூஞ்சைக்கு ஏற்ற இடங்கள். கபடி, மல்யுத்தம் போன்ற உடல் தொட்டு ஆடும் விளையாட்டுகளில் ஒருவரிடமிருந்து மற்றவருக்குப் பரவும். துண்டு, காலுறை, சீருடை ஆகியவற்றைப் பகிர்வதாலும் பரவும். பயிற்சி முடித்த மாணவர் நனைந்த பனியனோடு சத்திரம் பேருந்து நிலையம் வந்து, கூட்டமான பேருந்தில் வீடு சேரும்வரை அவ்வுடையிலேயே இருப்பது பூஞ்சை வளரப் போதுமான வாய்ப்பைத் தருகிறது. களத்திலேயே உடலைத் துடைத்து உலர்ந்த பனியனும் உள்ளாடையும் மாற்றிக்கொள்வது எந்தக் களிம்பையும் விடச் சிறந்த தடுப்பு.

கலப்புக் களிம்பால் வரும் கேடு

அரிப்புக்கு மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் களிம்புகள் பலவற்றில் பூஞ்சைக்கொல்லியோடு வீரியமிக்க ஸ்டீராய்டும் கலந்திருக்கும். பூசிய ஓரிரு நாட்களில் அரிப்பும் சிவப்பும் அடங்கும். ஆனால் ஸ்டீராய்டு தோலின் எதிர்ப்பாற்றலைக் குறைப்பதால் பூஞ்சை உள்ளேயே பரவும். நிறுத்தியவுடன் முன்னைவிடப் பெரிய வட்டமாகத் திரும்பும். தொடர்ந்து பூசினால் தோல் மெலிந்து, தொடையிடுக்கில் அழியாத வரித்தழும்பு விழும். முகம் வெளுக்கவென்று இத்தகைய களிம்பைப் பூசுவோருக்கு முகம் சிவந்து எரிவதும் பரு நிறைவதும் உண்டு.

இந்தியாவில் மருந்துக்கு எளிதில் கட்டுப்படாத படர்தாமரை அண்மை ஆண்டுகளில் பெருகியுள்ளது. இதற்குக் காரணமான பூஞ்சை வகைக்கு 2020-இல் திரைக்கோபைட்டன் இண்டோடினியே எனப் பெயரிடப்பட்டது. இந்நிலைக்கு ஸ்டீராய்டுக் களிம்புகளின் தவறான பயன்பாடும் ஒரு காரணம் எனத் தோல் மருத்துவர்கள் கருதுகின்றனர். எனவே படர்தாமரைக்கு மருத்துவர் எழுதிய மருந்தையே, வட்டம் மறைந்த பின்னும் அவர் சொன்ன நாள்வரை, பயன்படுத்த வேண்டும்.

முடியில் ஏற்படும் மாற்றங்கள்

நாளொன்றுக்கு 50 முதல் 100 முடிகள் உதிர்வது இயல்பு. வியர்வையால் முடி கொட்டும் என்பது பரவலான நம்பிக்கை. முடியின் வேர் தோலுக்குள் ஆழத்தில் இருப்பதால் மேலே வழியும் வியர்வை அதை அழிப்பதில்லை. எனினும் வியர்வை காய்ந்து அழுக்கு சேர்ந்தால் பொடுகும் அரிப்பும் கூடும். பயிற்சி நாட்களில் தலையை வெறும் நீரிலோ மென்மையான ஷாம்புவிலோ அலசலாம்.

இறுக்கிக் கட்டுதல்: முடியை நாள்தோறும் ஒரே இடத்தில் இறுக இழுத்துக் கட்டினால் நெற்றியோரத்திலும் காதருகிலும் முடி மெலியும். தொடக்கத்திலேயே தளர்த்திக் கட்டினால் மீண்டும் வளரும். பல ஆண்டுகள் தொடர்ந்தால் அவ்விடம் நிலையாக வழுக்கையாகிவிடும்.

நீச்சல்: குளத்து நீரிலுள்ள குளோரின் முடியை வறட்சியாக்கும். நீரில் இறங்கும் முன் நல்ல நீரால் தலையை நனைத்துக்கொண்டால் குளோரின் நீரை முடி குறைவாக உறிஞ்சும்.

உள்ளிருந்து வரும் காரணங்கள்: தலை முழுவதும் பரவலாக முடி கொட்டினால் காரணத்தை 2 முதல் 3 மாதங்களுக்கு முன் நடந்தவற்றில் தேட வேண்டும். டெங்கு போன்ற கடுங்காய்ச்சல், எடையை வேகமாகக் குறைத்தல், உணவைக் குறைத்துப் பயிற்சியைக் கூட்டுதல் ஆகியவற்றால் பல முடிகள் ஒருங்கே ஓய்வுநிலைக்குச் சென்று, பின் ஒருங்கே உதிர்கின்றன. காரணம் நீங்கினால் இவ்வுதிர்வு ஏறத்தாழ 6 மாதங்களுக்குள் அடங்கி முடி மீண்டும் வளரும். மாதத்திற்கு ஏறத்தாழ 1 சென்டிமீட்டரே முடி வளரும் என்பதால் பழைய நீளம் வர நாளாகும்.

வளரிளம் பெண்களிடம் இரும்புச்சத்துக் குறைவு மிகுதி. முடி உதிர்தலோடு மூச்சிரைப்பு, சோர்வு, ஓட்ட நேரம் பின்னடைதல் ஆகியவை சேர்ந்தால் ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் அளவுகளைப் பரிசோதிக்க வேண்டும். அரசுப் பள்ளிகளில் வாரந்தோறும் தரப்படும் இரும்புச்சத்து மாத்திரையைத் தவிர்க்கக் கூடாது. கீரை, பயறு, கேழ்வரகு, இறைச்சி ஆகியவற்றோடு நெல்லிக்காய், எலுமிச்சை சேர்ப்பது சத்து உறிஞ்சப்பட உதவும். உணவுடன் தேநீர், காபி அருந்துவது அதைத் தடுக்கும்.

முடி உதிர்தலோடு மாதவிடாயும் தள்ளிப்போனால் அல்லது நின்றுபோனால், உண்ணும் உணவு பயிற்சிக்குப் போதவில்லை என்று பொருள்படலாம். பன்னாட்டு ஒலிம்பிக் குழு 2014-இல் இந்நிலையை விளையாட்டில் ஒப்பீட்டு ஆற்றல் பற்றாக்குறை எனப் பெயரிட்டு விளக்கியது. இதைக் கவனியாமல் விட்டால் எலும்பு வலுவிழந்து முறியும். இங்கு தேவைப்படுவது முடித்தைலம் அன்று, போதிய உணவு.

ஊக்கமருந்தும் களிம்பும்

முதுகிலும் தோளிலும் திடீரெனப் பெரும் பருக்கள், இளம் வயதில் முன்தலை வழுக்கை, பெண்களுக்கு முகத்தில் முடி, குரல் தடித்தல் ஆகியவை தசைவளர் ஸ்டீராய்டு ஊக்கமருந்துகளின் அறிகுறிகளாக இருக்கக்கூடும். தடித்த குரல் மருந்தை நிறுத்திய பின்னும் பெரும்பாலும் திரும்புவதில்லை. பெயரற்ற சத்துமாவுப் பொடிகளிலும் இம்மருந்துகள் கலந்திருக்கலாம்.

தெரியாமல் பூசிய களிம்பும் விளையாட்டு வாழ்வைக் கெடுக்கலாம். நார்வே நாட்டுப் பனிச்சறுக்கு வீராங்கனை தெரேசே யோஹாக், 2016-இல் இத்தாலியில் மலைப் பயிற்சியின்போது வெயிலில் வெந்த உதட்டுக்கு அணி மருத்துவர் தந்த களிம்பைப் பூசினார். அதில் குளோஸ்டெபால் என்னும் தடைசெய்யப்பட்ட பொருள் இருந்தது. அவருக்கு 18 மாதத் தடை விதிக்கப்பட்டு, 2018 குளிர்கால ஒலிம்பிக்கை இழந்தார். முடி உதிர்வுக்கான ஃபினாஸ்டரைடு மாத்திரை 2005 முதல் 2008 வரை தடைப்பட்டியலில் இருந்தது. அதை உட்கொண்ட அமெரிக்கச் சறுக்கு வீரர் சாக் லண்ட் 2006 தூரின் ஒலிம்பிக்கில் பங்கேற்க இயலவில்லை. 2009-இல் அம்மருந்து பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. பட்டியல் ஆண்டுதோறும் மாறுவதால், போட்டிகளில் பங்கேற்போர் மருத்துவரிடம் தாம் விளையாட்டு வீரர் என்பதை முதலிலேயே தெரிவிக்க வேண்டும்.

நாள்முறைப் பராமரிப்பு

* பயிற்சிப் பையில் உலர்ந்த பனியன், உள்ளாடை, காலுறை, தனித் துண்டு ஆகியவை இருக்க வேண்டும்.
* பயிற்சி முடிந்தவுடன் உடை மாற்றி, வீடு திரும்பியதும் குளித்து, விரல் இடுக்குகளை ஈரம் போகத் துடைக்க வேண்டும்.
* பயிற்சி உடையை ஒவ்வொரு நாளும் துவைத்து வெயிலில் உலர்த்த வேண்டும். காலணியைக் காற்றாட வைக்க வேண்டும்.
* பிறரது துண்டு, சீப்பு, சவரக்கத்தி ஆகியவற்றைப் பயன்படுத்தக் கூடாது.

மருத்துவரை அணுக வேண்டிய நேரம்

வட்டமாகப் பரவும் அரிப்பு, சீழ் பிடித்த புண், காய்ச்சலுடன் கூடிய வீக்கம், நாணய அளவில் முடி கொட்டிய இடம், 3 மாதங்களுக்கு மேல் தொடரும் முடி உதிர்வு, நின்றுபோன மாதவிடாய், உருவோ நிறமோ மாறும் மச்சம் ஆகியவற்றுக்கு மருத்துவரை நாட வேண்டும். திருச்சிராப்பள்ளியில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் கட்டணமின்றி மருத்துவம் பெறலாம். வெயிலில் தோல் கருத்தது மட்டுமே குறையென்றால் மருத்துவமும் வேண்டியதில்லை, பயிற்சியை நிறுத்தவும் வேண்டியதில்லை.