எங்கள் லயத்தைப் பற்றி ஒரு கதை இல்லையா?



பதுளைப் பக்கத்துத் தோட்டப் பாடசாலை ஒன்றில் ஒரு மழைநாள். பிள்ளைகளுக்குக் கதைப் புத்தகம் வாசித்துக் காட்டினேன். கடற்கரையில் சிப்பி பொறுக்கும் சிறுவர்களின் கதை அது. முடிந்ததும் ஒரு சிறுமி எழுந்தாள். "சேர், எங்க லயத்தப் பத்தி ஒரு கதையும் இல்லையா?" என்று கேட்டாள். என் கையில் அப்படியொரு புத்தகம் இருக்கவில்லை.

நியாயமான கேள்விதான். பனி மூடிய தேயிலை மலையும், கொழுந்துக் கூடையோடு வரும் தாயும், மலையைக் குடைந்து பதுளைக்கு வரும் ரயிலும் அவள் அன்றாடம் காண்பவை. அவை புத்தகத்தில் இல்லையென்றால், புத்தகம் தனக்குரியதல்ல என்றே பிள்ளை நினைத்துவிடும்.

பிள்ளைகளுக்கு எழுதுபவர் பெரும்பாலும் தனியாகவே எழுதுகிறார். தம்மைப் போன்றவர்களைச் சந்திக்கும்போதுதான் அவருக்குத் தெம்பு வருகிறது. தமிழ்நாட்டில் 1950ஆம் ஆண்டு குழந்தை எழுத்தாளர் சங்கம் தோன்றியது. அதை வளர்த்தவர்களில் முதன்மையானவர் அழ. வள்ளியப்பா. அவர் வங்கியில் வேலை பார்த்தவர். அலுவலகம் போக மிஞ்சிய நேரத்தில்தான் பாட்டெழுதினார். அந்தச் சங்கம் எழுத்தாளர்களை ஒன்றுகூட்டியது, மாநாடு கூட்டியது, குழந்தைப் புத்தகங்களைக் கண்காட்சியாக வைத்தது. தனித்தனியே எழுதியவர்கள் ஒருவர் எழுத்தை ஒருவர் அறிந்தார்கள்.

நமது நாட்டின் சிபில் வெத்தசிங்ஹ அம்மையாரைப் பாருங்கள். குடையையே கண்டறியாத ஒரு கிராமத்து மனிதரின் கதையை 1956இல் சிங்களத்தில் எழுதி, படமும் தாமே வரைந்தார். 'குடைத் திருடன்' என்ற அந்தச் சின்னக் கதை ஜப்பானிய மொழிவரை போயிற்று. சொந்த ஊர்ச் சங்கதி என்பதால் அது சிறுத்துப் போகவில்லை. தொண்ணூறு வயது கடந்த பின் அவர் இன்னொன்றும் செய்தார். ஒரு கதையை எழுதி, அதன் முடிவை எழுதும்படி பிள்ளைகளையே அழைத்தார். 2020ஆம் ஆண்டு, 1250 முடிவுகளோடு அந்த நூல் கின்னஸ் சாதனையானது. அவ்வாண்டு ஜூலையில் அவர் காலமானார். வாசிக்கும் பிள்ளைகளையே சக எழுத்தாளர்களாக ஏற்றுக்கொண்ட பெருமனம் அது!

சகோதரிகளே! ஒக்டோபர் மாதம் வாசிப்பு மாதம். பாடசாலைகளில் விழா நடக்கும். பேச்சும் பரிசும் இருக்கும். அதோடு நின்றுவிடாமல், எழுதுகின்ற ஒருவரை அழைத்துப் பிள்ளைகளோடு உட்காரவைக்கும்படி அதிபரிடம் கேளுங்கள். பெற்றோர் கேட்டால் பாடசாலை செவிசாய்க்கும்.

வீட்டிலும் செய்யலாம். மஃரிபுக்குப் பின் ஒரு கதையைப் பாதிவரை சொல்லி நிறுத்துங்கள். "மீதியை நீ எழுது மகள்" என்று கொப்பியைக் கொடுங்கள். எழுத்துப் பிழையை அன்று திருத்த வேண்டாம். பழைய கொப்பிகளில் எஞ்சிய தாள்களைச் சேர்த்துத் தைத்தால் அதுவே புத்தகம். பசறையிலும் லுணுகலையிலும் நம்மவர் வீடுகளுக்கு அருகிலேயே தோட்டங்கள் இருக்கின்றன. அங்குள்ள பிள்ளைகளையும் சேர்த்து உட்காரவையுங்கள். பத்துப் பிள்ளைகள் எழுதியதை மாறி மாறி வாசித்தால் அதுவும் ஓர் எழுத்தாளர் மாநாடுதான்.

வஹீயின் முதற் சொல்லே ஓதும்படி ஏவிய சமுதாயம் நாம். கதைப் புத்தகம் வீண் பொழுது என்று பிள்ளையின் கையிலிருந்து பறிக்காதீர்கள்.

அந்தச் சிறுமிக்கு மறுவாரம் பதில் சொன்னேன்: "இல்லை மகள். நீதான் அதை எழுத வேண்டும்." அவள் சிரித்தாள். அடுத்த நாள் ஒரு பக்கம் எழுதிக்கொண்டு வந்தாள்.