எஸ்.எம்.பி.எஸ். பெட்டியில் எந்த எண்ணைப் படிப்பது?

பிள்ளைகள் பொறியியல் கல்லூரியில் சேர்ந்ததும், வீட்டிலுள்ள பழைய கம்ப்யூட்டரில் புது கிராபிக்ஸ் கார்டு மட்டும் போட்டால் போதும் என்கிறார்கள். நல்ல யோசனைதான், செலவும் குறைவு. ஆனால் அந்தக் கார்டுக்கு மின்சாரம் தரவேண்டிய எஸ்.எம்.பி.எஸ். என்ற தகரப் பெட்டியைப் பற்றி யாரும் கேட்பதில்லை. அலிபிரி வரை சுகமாக வந்த வண்டி மலைப்பாதையில் ஏறும்போது திணறுவதில்லையா? அதுபோல, கடிதம் அடிக்கவும் படம் பார்க்கவும் ஒழுங்காக ஓடிய கம்ப்யூட்டர், கார்டு முழு வேகத்தில் வேலை செய்தவுடன் சட்டென்று அணைந்துவிடும். கார்டுதான் பழுது என்று கடைக்குத் தூக்கிக்கொண்டு ஓடுகிறோம்.

சுவரில் வரும் 230 வோல்ட் ஏ.சி. மின்சாரத்தை 12, 5, 3.3 வோல்ட் டி.சி.யாக மாற்றித் தருவது எஸ்.எம்.பி.எஸ்.ஸின் வேலை. இன்றைய பிராசஸரும் கிராபிக்ஸ் கார்டும் பெரும்பாலும் 12 வோல்ட்டிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. ஆகவே மேலே கொட்டை எழுத்தில் உள்ள '450 வாட்' என்பதை விட்டுவிட்டு, பக்கவாட்டில் ஒட்டியிருக்கும் சிறு அட்டவணையைப் படியுங்கள். 12 வோல்ட்டுக்கு நேரே 16 ஆம்பியர் என்றிருந்தால் 12 x 16 = 192 வாட். கார்டுக்கும் பிராசஸருக்கும் சேர்த்துக் கிடைப்பது அவ்வளவுதான். 12 வோல்ட் இரண்டு வரிகளாக இருந்தால் அவற்றை நீங்களே கூட்டிவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்து எவ்வளவு என்று தனியாக அச்சிட்டிருப்பார்கள்.

ஒரு கணக்கு போடுவோம். ஆர்.டி.எக்ஸ். 3060 கார்டுக்கு 170 வாட். இன்டெல் ஐ5-12400 பிராசஸர் முழு வேகத்தில் 117 வாட். மதர்போர்டு, டிஸ்க், மின்விசிறிகளுக்கு 60 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 347. கார்டு தயாரிப்பாளர் கேட்பதோ 550 வாட் பெட்டி. அது வீண் பெருமை அல்ல. கார்டு கண நேரத்துக்கு இன்னும் அதிகமாக இழுக்கும். ரயில் எஞ்சினைக் கூட சமதள பாரத்துக்கு மட்டும் கணக்கிட்டு மலைப்பாதைக்கு அனுப்பமாட்டோம்.

எங்கள் தெருவில் ஒரு மாணவர் பெட்டியில் மட்டும் சிக்கனம் பார்த்தார். அது எரிந்தபோது மதர்போர்டையும் ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துக்கொண்டு போனது. அக்காவின் கல்யாணப் படங்கள் எல்லாம் அதில்தான் இருந்தன.

சப்தகிரி எக்ஸ்பிரஸ் ஏறிச் சென்னை ரிச்சி தெருவுக்குப் போகிறவர்கள் '80 பிளஸ்' முத்திரையைக் கேட்டு வாங்கலாம். 2004ல் வந்த இந்தச் சான்று, எடுக்கும் மின்சாரத்தில் எவ்வளவு வீணாகாமல் கம்ப்யூட்டருக்குப் போகிறது என்பதைத்தான் சொல்லும். பாதுகாப்புக்கு அது உத்தரவாதம் அல்ல. ஓவர் வோல்டேஜ், ஷார்ட் சர்க்யூட் பாதுகாப்பு உண்டா என்று தனியாகக் கேளுங்கள். கார்டுக்கு எத்தனை பின் இணைப்பு வேண்டும் என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள். பெரிய கம்பெனிகளின் சில பழைய பெட்டிகளில் மதர்போர்டுக்கான இணைப்பே வேறு மாதிரி இருக்கும்; சாதாரண எஸ்.எம்.பி.எஸ். பொருந்தாது. கழற்றி மாட்டும் வகையில் ஒரு கம்பெனியின் வயரை இன்னொன்றில் செருகவே கூடாது. துளை பொருந்தும், உள்ளே வோல்டேஜ் இடம் மாறியிருக்கும்.

யு.பி.எஸ். வைத்திருப்பவர்கள் அதன் பின்னாலும் பாருங்கள். 600 வி.ஏ. என்பது பல மாடல்களில் 360 வாட்தான். கரண்ட் போகும் நேரத்தில் கார்டு முழு வேகத்தில் இருந்தால் அதுவும் கைவிடும்.

கடைசியாக எர்த். கம்ப்யூட்டர் உறையில் கை வைத்தால் சுருக்கென்கிறது என்று நம் வீடுகளில் சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். எஸ்.எம்.பி.எஸ்.ஸில் உள்ள வடிகட்டிக் கெப்பாசிட்டர்கள் எர்த் வயருக்குக் கசிவை அனுப்பும். எர்த் இல்லாத வீட்டில் அது உறையிலேயே நின்றுவிடுகிறது. பாதி வோல்டேஜ், அதாவது ஏறக்குறைய 115 வோல்ட் அளவில். மின்னோட்டம் மிகச் சிறியது என்பதால் சுருக்கோடு போகிறது. உள்ளே உண்மையாகவே பழுது வந்தால் அப்படிப் போகாது. வாடகை வீடுகளில் மூன்றாவது துளைக்குப் பின்னால் வயரே இல்லாததும் உண்டு. எலக்ட்ரீசியனை அழைத்து எர்த்தைச் சோதித்த பிறகு புதுப் பெட்டியை மாட்டுங்கள்.