தரையில் நிற்கும் மேகம்

சென்னையின் மேற்கே அமைந்துள்ள அம்பத்தூர், தொழிற்பேட்டையால் பெயர்பெற்ற ஊர். 1949ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனத்தின் மிதிவண்டிகள் இவ்வூரின் பெயரை நாடெங்கும் கொண்டு சென்றன. அதே ஊரில் 2023இல் என்.டி.டி. நிறுவனமும், 2024இல் டிஜிட்டல் கனெக்சியன் நிறுவனமும் தரவு மையங்களைத் திறந்தன. பிற நாடுகளிலிருந்து வரும் கடலடி வடங்கள் சென்னையில் கரையேறுவது, இத்தகைய மையங்கள் இப்பகுதியை நாடி வருவதற்கு ஒரு காரணமாகும். 'மேகக் கணிமை' என்னும் பெயர் வானத்தை நினைவூட்டினும், அம்மேகம் தரையில்தான் நிற்கிறது.

மேகக் கணிமை ஏன் தேவைப்பட்டது? 1991இல் டிம் பெர்னர்ஸ் லீ, ஜெனீவாவுக்கு அருகிலுள்ள செர்ன் ஆய்வகத்தில் உலகின் முதல் இணையதளத்தைத் தம் மேசைக் கணினியிலிருந்தே வழங்கினார். அதனை எவரும் அணைத்துவிடக் கூடாது என்று அக்கணினியின்மீது கைப்பட எழுதி ஒட்டியிருந்தார். அது நின்றால் தளமும் மறைந்துவிடும். இன்று அக்காவற்பணியைத் தரவு மையங்களின் கணினிகள் ஏற்றுள்ளன.

ஆவடியில் வாழும் மாணவி ஒருத்தி, பருத்திப்பட்டு ஏரியைப் பற்றிய கட்டுரைகளைத் தன் இணையதளத்தில் வெளியிடுவதாகக் கொள்வோம். அவள் எழுதிய பக்கங்கள் 'கிட்' என்னும் மென்பொருளின் களஞ்சியத்தில் சேர்கின்றன. 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய இம்மென்பொருள், யார், எப்பொழுது, எதனை மாற்றினார் என்பதைப் பதிவுசெய்கிறது. அவள் புதிய திருத்தத்தைக் கிட்ஹப் போன்ற சேவைக்கு அனுப்பியவுடன், தானியங்கிப் பணிவரிசை தொடங்குகிறது. மேகத்திலுள்ள கணினி அத்திருத்தத்தைப் பெற்று, பக்கங்களை உருவாக்கி, இணைப்புகள் சரியாக உள்ளனவா என அவள் வகுத்த சோதனைகளை நடத்துகிறது. சோதனையில் தேறினால் புதிய பக்கம் வெளியாகும். தவறினால் பணி நின்றுவிடும், பழைய பக்கமே தொடரும். தடைக்கட்டை பிடிக்காத மிதிவண்டி தொழிற்சாலை வாயிலைத் தாண்டாதது போன்றதே இம்முறை.

எனினும், தானியக்கம் நன்மையைப் போலவே பிழையையும் விரைந்து பரப்பும். கடவுச்சொல் ஒன்றைக் கவனமின்றிப் பொதுக் களஞ்சியத்தில் சேர்த்துவிட்டால், பின்னர் நீக்கினும் பழைய பதிவுகளில் அது நிலைத்திருக்கும். ஆகவே, அக்கடவுச்சொல்லையே உடனே மாற்றுதல் வேண்டும். கமுக்கமான சொற்களைத் தொடக்கத்திலேயே தனியே காத்தல் அதனினும் நன்று.

மற்றொரு வரம்பும் உண்டு. அறுந்த இணைப்பை இயந்திரம் கண்டுபிடிக்கும். ஏரியின் பரப்பளவு தவறாக எழுதப்பட்டிருந்தால், அப்பக்கமும் எல்லாச் சோதனைகளிலும் தேறி உலகை அடைந்துவிடும். வெளியிடும் உழைப்பை மேகம் ஏற்றுக்கொள்ளலாம். எழுதியது உண்மையா என ஆராயும் கடமை அம்மாணவியிடமே இருக்கிறது.